கராத்தே மாஸ்டர் ஆக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வகுப்பு முடிந்து எல்லோரும் பெல்ட்டை அவிழ்த்து மடிக்கும்போது, யாராவது ஒருவர் மட்டும் கிளம்பாமல் நிற்பார். "மாஸ்டர், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். பெரும்பாலும் அது போன மாதம் வேறொருவர் கேட்ட அதே சந்தேகமாக இருக்கும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கற்றதும் கற்பிப்பதும் ஷோட்டோகான் கராத்தே. அதனால் உதாரணங்கள் அதிலிருந்துதான் வரும். ஜூடோ, டேக்வாண்டோ என்று போனால் பெயர்களும் விதிகளும் மாறும். மாணவர் ஒருவர் மாஸ்டராக வளரும் பாதை அவ்வளவாக மாறாது.

பிளாக் பெல்ட் வாங்கிட்டா மாஸ்டர்தானே?

இல்லை. முதல் பிளாக் பெல்ட்டுக்கு ஷோடான் என்று பெயர். அதில் 'ஷோ' என்றால் தொடக்கம், 'டான்' என்றால் படி. அடிப்படை அசைவுகள் உடம்பில் படிந்துவிட்டன, இனிமேல்தான் கற்கத் தொடங்கப்போகிறார் என்பதற்கான அடையாளம் அது. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது, இனி புத்தகத்தைக் கையில் எடுக்கலாம் என்பது போல.

இந்த டான் முறை கராத்தேயில் பிறந்ததும் இல்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கி, மறு வருடம் தன் மாணவர்கள் இருவருக்கு முதல் ஷோடானைக் கொடுத்தார். ஒகினாவாவிலிருந்து கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுவந்த ஃபுனாகோஷி கிச்சின், 1924-இல் அதைத் தன் மாணவர்களுக்குப் பயன்படுத்தினார். வெள்ளை பெல்ட் வருடக்கணக்கில் அழுக்கேறிக் கறுப்பானது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வரலாறு இதுதான்.

தனியா வகுப்பு எடுக்க எத்தனை வருஷம் ஆகும் மாஸ்டர்?

வாரம் மூன்று நாள் தவறாமல் வந்தால் ஷோடானுக்கு நான்கைந்து வருடம். அதன்பின் இரண்டாம் டானுக்குக் குறைந்தது இரண்டு வருடம், மூன்றாம் டானுக்கு இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று பல அமைப்புகள் வைத்திருக்கின்றன. தனியாக ஒரு வகுப்பைப் பொறுப்பேற்கிற பக்குவம் பெரும்பாலோருக்கு இந்த இரண்டாம், மூன்றாம் டான் காலத்தில்தான் வருகிறது. சுருக்கமாக, பத்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்பிப்பதைத் தனிப் படிப்பாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1949-இல் தொடங்கிய ஜப்பான் கராத்தே அசோசியேஷன், நாகயாமா மசதோஷியின் வழிகாட்டலில் 1956-இல் மாஸ்டர்களுக்கென்றே ஒரு பயிற்சி வகுப்பை ஆரம்பித்தது. அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பிளாக் பெல்ட்காரர்கள். நன்றாக ஆடத் தெரிந்தவருக்கும் கற்பிப்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்பது அப்போதே புரிந்திருக்கிறது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

முப்பது வயசுக்கு மேல ஆரம்பிச்சா லேட்டா?

போட்டியில் பெரிய பட்டம் வாங்குவது கஷ்டம். மாஸ்டர் ஆவதற்கு வயது தடை இல்லை. பெரிய வயதில் வருபவர்கள் ஒவ்வொரு அசைவையும் யோசித்துக் கற்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை பார்த்ததும் அப்படியே செய்துவிடும்; எப்படிச் செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யோசித்துக் கற்றவருக்குச் சொல்லித்தரவும் வரும்.

உதாரணத்துக்கு டோக்கியோ ஒலிம்பிக்கைச் சொல்லலாம். 2021-இல் பெண்கள் கட்டா பிரிவில் (எதிராளி இல்லாமல், வரிசைப்படுத்திய அசைவுகளைத் தனியாகச் செய்துகாட்டுவது) தங்கம் வென்ற ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. அவர் சிறுவயதிலேயே தொடங்கியவர்தான். ஆனாலும் நாற்பதை நெருங்கும் உடம்பால் எவ்வளவு துல்லியமாக இயங்க முடியும் என்பதை அவர் ஆட்டத்தில் பார்க்கலாம்.

எந்த ஸ்டைல் கத்துக்கிட்டா நல்லது?

ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று நான்கு பெரிய பிரிவுகள் உண்டு. நிற்கும் நிலையும் மூச்சும் கட்டாக்களும் வேறுபடும். ஆனால் நீங்கள் சேரப்போவது ஸ்டைலிடம் இல்லை, ஒரு மாஸ்டரிடம். சேருவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து அவருடைய வகுப்பைப் பாருங்கள். கடைசி வரிசையில் தடுமாறுகிற பிள்ளையிடம் அவர் எத்தனை முறை போகிறார் என்று கவனியுங்கள். எனக்கு அது ஒன்று போதும்.

டோர்னமென்ட் ஆடாமலே மாஸ்டர் ஆக முடியாதா?

முடியும். கோப்பை எதுவும் இல்லாத மிகச் சிறந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும், உடம்பு ஒத்துழைக்கிற வயதில் சில வருடமாவது போட்டியில் இறங்குங்கள் என்றுதான் சொல்வேன். வகுப்பில் நூறு முறை சரியாக வந்த பஞ்ச், எதிரே தெரியாத ஒருவர் நிற்கும்போது காணாமல் போய்விடும். வாய் உலரும், தொடை நடுங்கும், பெயரைக் கூப்பிட்டால் காதில் விழாது. நாளைக்கு உங்கள் மாணவர் அதே நிலையில் நிற்கும்போது, அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

என் முதல் மூன்று போட்டிகளிலும் முதல் சுற்றிலேயே தோற்றேன். மூன்றாவது முறை என் மாஸ்டர் என்னைத் தேற்றவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "அவன் அடிக்கும் முன்பு தோளைத் தூக்கினானே, பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. அடுத்த போட்டியில் எதிராளியின் தோளைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. தோற்றுவந்த மாணவரிடம் என்ன பேசுவது என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

டோர்னமென்ட் பயிற்சியும் வகுப்புப் பயிற்சியும் ஒண்ணுதானா?

இரண்டும் ஒன்றில்லை. குமித்தே என்றால் இருவர் எதிரெதிரே நின்று மோதுவது. உலகக் கராத்தே கூட்டமைப்பின் குமித்தே விதிப்படி கையால் பெறும் புள்ளி ஒன்று, உடம்பில் விழும் உதைக்கு இரண்டு, தலைக்கு உதைத்தாலோ விழுந்தவர்மேல் முறையாக ஒரு அடி வைத்தாலோ மூன்று. இந்தக் கணக்கு வந்ததும் ஆட்டமே மாறிவிடுகிறது. தாழ்ந்து ஊன்றி நிற்பதற்குப் பதில் துள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். தூரமும் நேரமும்தான் முக்கியமாகின்றன. அது தவறில்லை, அது ஒரு விளையாட்டு. ஆனால் போட்டிக்கு வேண்டியதை மட்டுமே பழகியவரிடம் கட்டாவின் உள்ளே இருக்கும் பிடிகள், முட்டி அடிகள், தள்ளிச் சாய்ப்பது எல்லாம் வற்றிப்போகும். அவரிடம் கற்பவர்களுக்கு அதில் பாதிதான் போய்ச்சேரும்.

அடியைக் கட்டுப்படுத்துவது இரண்டுக்கும் பொது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு இறுதிச் சுற்று பலருக்கு நினைவிருக்கும். சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தபோது அவருடைய உதை ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயின் தலைப்பக்கம் பலமாக விழுந்தது. கன்ஜ்சாதே மயங்கி விழுந்தார். ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார், தங்கம் கன்ஜ்சாதேவுக்குப் போனது. அந்த முடிவைப் பற்றி என் வகுப்பில் இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. நான் நடுவர்கள் பக்கம். எதிராளியின் உடம்பு நம்மை நம்பித்தான் அந்த விரிப்பில் நிற்கிறது.

அடிபட்டா எத்தனை நாள் ரெஸ்ட் எடுக்கணும்? சும்மா உட்கார முடியல.

தசைப்பிடிப்பு, வீக்கம் என்றால் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், அதோடு பார்ப்பதையும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். கால் கட்டோடு ஓரமாக உட்கார்ந்து வகுப்பைக் கவனித்த மாதங்களில் நான் கற்றது அதிகம்.

தலையில் அடி என்றால் அதில் பேச்சே இல்லை. தலைசுற்றல், வாந்தி, பார்வை மங்கல், குழப்பம் எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "நல்லா இருக்கேன் மாஸ்டர்" என்று அவர் சொன்னாலும் சேர்க்கக் கூடாது. மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு மெல்ல நடை, ஓட்டம், தனிப் பயிற்சி என்று ஏறி, கடைசியாகத்தான் குமித்தே. மூளை ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

நாள்பட்ட முட்டி வலியோடு வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய மவாஷி கெரியை. சுற்றி உதைக்கும்போது ஊன்றிய பாதமும் திரும்ப வேண்டும். பாதம் விரிப்பில் ஒட்டிக்கொண்டு இடுப்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதையும் முட்டி வாங்கிக்கொள்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை இலக்கை நோக்கித் திருப்பி, மெதுவாக இருபது தடவை தினமும் செய்யுங்கள்.

மாஸ்டருக்கு உதவியா நிக்கச் சொல்லியிருக்காங்க. எண்ணிக்கை சொல்றதும் பெல்ட் கட்டிவிடறதும்தான் வேலை. இதுல என்ன கத்துக்க முடியும்?

எல்லாம் அங்கேதான் இருக்கிறது. எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இச்சி, நி, சான் என்று ஒரே வேகத்தில் எண்ணினால் பத்து எண்ணுவதற்குள் வகுப்பு தூங்கிவிடும். கொஞ்சம் நிறுத்தி, திடீரென்று அடுத்ததைச் சொல்லிப் பாருங்கள், முப்பது உடம்பும் விழித்துக்கொள்ளும். உங்கள் குரல்தான் வகுப்பின் மூச்சு.

எங்கே நிற்பது என்பதும் ஒரு வித்தை. மாணவர்களைப் பார்த்து நின்று செய்துகாட்டினால் நீங்கள் வலது கையைத் தூக்க, சிறியவர்கள் இடது கையைத் தூக்குவார்கள். ஆகவே கண்ணாடி போல எதிர்ப்பக்கம் மாற்றிச் செய்யப் பழக வேண்டும். இது வர எனக்கு ஒரு வருடம் ஆனது. அப்புறம் ஹெய்யான் ஷோடான் போன்ற ஒரு கட்டாவில் 21 அசைவுகள். திரும்பித் திரும்பி எல்லாத் திசையையும் பார்க்கிறார்கள். நீங்கள் முன்னால் மட்டும் நின்றால், திரும்பியவர்களுக்குப் பார்க்க ஆள் இருக்காது. நன்றாகத் தெரிந்த இரண்டு பேரை மூலைகளில் நிறுத்துங்கள்.

ஒரே தப்பை எத்தனை தடவை சொன்னாலும் திருத்திக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

சொல்கிற விதத்தை மாற்றுங்கள். புதிதாக வகுப்பு எடுப்பவர்கள் ஒரே மூச்சில் முட்டியை மடக்கு, தோளை இறக்கு, இடுப்பைத் திருப்பு, கையை இழு என்று அடுக்கிவிடுவார்கள். கேட்பவருக்கு நான்கில் ஒன்றும் நிற்காது. ஒரு நேரத்தில் ஒரே திருத்தம். அது படிந்த பிறகு அடுத்தது.

முஷ்டி மடக்கச் சொல்லித்தருவதைப் பாருங்கள். முதல் நாள் வரும் பிள்ளைகளில் பலர் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்துவைத்துக்கொள்வார்கள். அப்படி அடித்தால் கட்டைவிரல்தான் உடையும். "வெளியே வை" என்று பத்து முறை சொல்வதைவிட, அந்த முஷ்டியால் என் உள்ளங்கையை மெல்ல அழுத்தச் சொல்வேன். கட்டைவிரல் நசுங்குவது அவர்களுக்கே தெரியும். பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகச் சுருட்டி, கட்டைவிரலை மேலே குறுக்காகப் பூட்டி, முதல் இரண்டு கணுக்களும் மணிக்கட்டும் ஒரே நேர்கோட்டில் வர மறுபடி அழுத்தச் சொல்வேன். "இப்ப வலிக்கல மாஸ்டர்" என்பார்கள். அந்தத் தப்பு அதோடு போய்விடும்.

குழந்தைகளுக்கும் பெரியவங்க மாதிரியே கடுமையா பயிற்சி கொடுக்கலாமா?

கூடாது. எலும்பின் முனைகளில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி பதின்வயதின் பிற்பாதி வரை மூடுவதில்லை. கணுக்களை ஊன்றித் தண்டால், பலகையைக் குத்திக் கையை உரமாக்குவது, போட்டிக்காகச் சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்குவது எதுவும் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஓட்டம், தாவல், பல்டி, பிடித்து விளையாடுவது இவற்றோடு கலந்து கொடுங்கள். சமநிலையும் வேகமும் தானாக வரும்.

அடித்துத் திருத்தலாமா என்றும் கேட்கிறார்கள். அடிக்கக் கூடாது. பிரம்பை நான் பார்த்த வகுப்புகளும் உண்டு. அங்கே பிள்ளைகள் மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், தங்கள் அசைவைப் பார்க்க மாட்டார்கள்.

நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருக்கு. எல்லை என்ன?

கேட்டுவிட்டுத் தொடுங்கள். "தோளைத் தொட்டுத் திருத்தட்டுமா?" என்று கேட்க இரண்டு விநாடிதான் ஆகும். பிள்ளையோ பெரியவரோ, வேண்டாம் என்றால் செய்துகாட்டியே திருத்தலாம். பிள்ளைகளோடு கதவு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். அவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள். எல்லாம் பெற்றோர் பார்க்கும்படி இருக்கட்டும். இது மாணவரையும் காக்கும், உங்களையும் காக்கும். பயிற்சியை விட்டு விலகும் பிள்ளைகளில் சிலர் காரணத்தை யாரிடமும் சொல்வதில்லை. அதை மறக்காமல் இருப்பது மாஸ்டரின் வேலை.

"பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெல்ட் கிடைச்சிருச்சு, எங்க பையனுக்கு ஏன் இல்ல?"ன்னு பெற்றோர் கேட்கறாங்க. என்ன பதில் சொல்ல?

கிரேடிங் என்கிற பெல்ட் தேர்வு நடக்கும் முன்பே பதிலைத் தயாராக வைத்திருங்கள். இந்த நிறத்துக்கு இந்தக் கட்டா, இந்த உதை, இத்தனை வகுப்பு என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. அதற்கும் மேல் கேட்டால், மற்றப் பிள்ளையின் பேச்சை எடுக்காமல், "உங்கள் மகனுக்குப் பின்கால் குதிகால் எழும்புகிறது, இரண்டு மாதத்தில் சரியாகும்" என்று அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுங்கள். கூட்டத்தைத் தக்கவைக்கப் பெல்ட்டை அள்ளிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வேறு இடத்துக்குப் போய் மறுபடி வெள்ளையில் நிற்கும்போது படும் அவமானம் இருக்கிறதே, அது பெல்ட் கொடுத்தவருக்குத் தெரிவதில்லை.

இதையே நம்பிப் பிழைக்க முடியுமா?

சிலரால் முடிகிறது, பலரால் முடிவதில்லை. மேலே சொன்ன பத்து வருடத்துக்குள் வேறொரு வேலையும் கையில் இருக்கட்டும். வீட்டுச் செலவு உங்கள் மாணவர் எண்ணிக்கையை நம்பியிருந்தால், போன கேள்வியில் சொன்ன பெல்ட் விஷயத்தில் கை இளகிவிடும். அந்த அழுத்தம் நல்லவர்களையும் வளைக்கிறது. முழுநேரமாக இறங்குவதென்றால் கணக்கு எழுதுவது, முதலுதவி, காப்பீடு எல்லாம் கற்றுக்கொண்டு இறங்குங்கள்.

தெருவுல யாராவது வம்புக்கு வந்தா இது உதவுமா? மாணவருக்கு என்ன சொல்லித்தரணும்?

ஓரளவு உதவும். தூரத்தைக் கணிப்பதும் பதறாமல் இருப்பதும் பயிற்சியால் வரும். ஆனால் அங்கே நடுவர் இல்லை, விரிப்பு இல்லை, எதிராளி ஒருவர்தான் என்ற உறுதி இல்லை, கத்தி இருக்கலாம். ஆகவே நான் முதலில் சொல்லித்தருவது விலகி ஓடுவதையும் சத்தம் போடுவதையும்தான். கத்திக்கு எதிராக வெறுங்கை வித்தை காட்டி மாணவரை நம்பவைப்பது பெரிய பாவம்.

என் மாஸ்டர் சொல்றதுல சிலது தப்புன்னு இப்பத் தெரியுது. விட்டுட்டு வந்துடலாமா?

எந்த வகைத் தப்பு என்று பாருங்கள். பயிற்சிக்கு முன் நீண்ட நேரம் தசையை இழுத்துப் பிடித்து நிற்கச் சொல்வது போன்ற பழைய பழக்கம் என்றால், அது அவர் கற்ற காலத்தின் அறிவு. உங்கள் வகுப்பில் அசைந்தபடி உடம்பைச் சூடேற்றும் முறையை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கற்க இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். பணத்தில் ஏமாற்று, மாணவரை அவமானப்படுத்துவது, தொடுவதில் எல்லை மீறுவது என்றால், அன்றைக்கே வெளியே வாருங்கள், தேவையானவர்களிடம் சொல்லுங்கள். குரு என்ற மரியாதைக்கு இதை மூடிமறைக்கும் உரிமை கிடையாது.

என் மாணவன் என்னைவிட நல்லா ஆடறான். அவனுக்கு நான் இன்னும் என்ன சொல்லித்தர முடியும்?

அவனால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது, உங்களால் பார்க்க முடியும். எந்த அடிக்கு முன் மூச்சைப் பிடிக்கிறான், களைத்ததும் எந்தக் கை இறங்குகிறது என்பதை வெளியே நிற்பவர்தான் சொல்ல முடியும். என் மாஸ்டர் என்னிடம் தோளைப் பற்றிக் கேட்டாரே, அப்போது அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது. குமித்தேயில் என்னை அவரால் தொட்டிருக்கவே முடியாது.

கூடவே அவனுக்கு ஒரு சின்ன வகுப்பைக் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர், வாரம் ஒரு நாள். நீங்கள் உள்ளே வராதீர்கள், கதவோரம் நில்லுங்கள். என் மாணவன் ஒருவன் முதல் நாள் ஒரு மணி நேரம் கத்திக் களைத்துப்போய் வெளியே வந்து, "மாஸ்டர், கட்டைவிரலை எப்படி வெளியே வைக்கச் சொல்றது?" என்று கேட்டான். என் உள்ளங்கையை நீட்டி, அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.